கொட்டிலுக்குக் கதவு கூடாது

நில உபயோகக் குழுவின் கூடத்துக்கு இரண்டு வாசல். விண்ணப்பம் கொடுத்தவர்கள் இடது வாசலில் நுழைந்து இடது பெஞ்சில் உட்கார வேண்டும். ஆட்சேபம் சொல்ல வந்தவர்களுக்கு வலது வாசல், வலது பெஞ்சு. நடுவில் கயிறு கட்டியிருப்பார்கள். என் விண்ணப்பம் விசாரணைக்கு வந்த அன்று, வாசலில் நின்ற பியூன் என் கையிலிருந்த இரண்டு கடிதங்களையும் வாங்கிப் பார்த்துவிட்டு, என்னை எந்தப் பக்கம் விடுவது என்று தெரியாமல் விழித்தார்.

"ஒண்ணு விண்ணப்பதாரர் கடிதம். இன்னொண்ணு அக்கம்பக்கத்தார் கடிதம். ரெண்டும் உங்க பேர்லயே இருக்கே?"

"ஆமாங்க. நிலத்தைச் சுத்தி முந்நூறு அடிக்குள்ள குடியிருக்கிறவங்களுக்கு நோட்டீஸ் போகணுமாம். அங்க குடியிருக்கிறது நான் ஒருத்தன்தான்."

"அப்ப உங்க மேல உங்களுக்கு ஆட்சேபம் எதுவும் உண்டா?"

"இல்லீங்க."

"இல்லைங்கிறதையும் அந்தப் பக்கம் போய்த்தான் சொல்லணும்."

கயிற்றைத் தாண்டக் கூடாது. அதனால் நான் முதலில் இடது பெஞ்சில் உட்கார்ந்து என் பெயருக்கு "வந்திருக்கேன்" சொன்னேன். பிறகு வெளியே வந்து, கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு ஓடி, வலது வாசலில் நுழைந்து இன்னொரு தடவை "வந்திருக்கேன்" சொன்னேன். மூச்சு வாங்கியதைப் பார்த்துச் செயலர் தண்ணீர் கொடுத்தார். ஆட்சேபிப்பவர்களுக்கு மட்டும் தண்ணீர் உண்டு.

நான் கல் நடுகிறவன். சர்வேயர் கயிறு பிடித்துக் காட்டுகிற இடத்தில் குழி வெட்டி, எல்லைக்கல்லை இறக்கி, மண்ணைக் கெட்டிப்படுத்துவது என் வேலை. இந்த வட்டாரத்தில் என்னைக் கல்லுக்காரர் என்றால்தான் தெரியும். இந்தத் தொழிலில் கைக்கு ஒரு பழக்கம் வந்துவிடும். கயிறு எங்கே சொல்கிறதோ அங்கேதான் கல். ஒரு விரல் தள்ளி நட்டாலும் அன்று முழுக்கக் கை கூசும். நான் கெட்டுப்போனது இந்தப் பழக்கத்தால்தான்.

எனக்கு இருப்பது அரை ஏக்கர். முன்பக்கம் ஓர் அறை வீடு. பின்பக்கம் வெற்று நிலம். மூன்று மாதத்துக்கு முன் என் மாப்பிள்ளை வேலை செய்த கட்டடத்தில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டார். வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, மகள் அவரையும் மூன்று வயதுப் பேத்தியையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். என் அறையில் ஐந்து பேர் படுத்தால் ஒருவர் புரள மற்ற நால்வரும் எழுந்திருக்க வேண்டும். அதனால் பின்பக்கம் தார்ப்பாய் கட்டிக் கொடுத்தேன். மழைக்கு முன்னால் அந்த இடத்தில் இரண்டு அறை எழுப்பிவிட்டால் போதும். ஆனால் ஒரு மனையில் ஒரு வீடுதான் இருக்கலாம் என்பது விதி. எனவே நிலத்தை இரண்டாகப் பிரித்து, பின்பாதியைக் குடியிருப்பு வகைக்கு மாற்றித் தரும்படி விண்ணப்பித்தேன்.

விண்ணப்பம் பதினோரு பக்கம். பத்தாம் பக்கத்தில் 'காரணம்' என்று இரண்டு கோடு போட்டிருந்தார்கள். எல்லாரும் அங்கே 'சொந்த உபயோகம்' என்று எழுதுவார்களாம். எனக்கு அது தெரியாது. கயிறு போட்ட மாதிரி நேராக எழுதினேன்: மகள், மாப்பிள்ளை, சாரம், இடுப்பு, தார்ப்பாய், பேத்தி. கோடு போதாமல் பின்பக்கமும் எழுதினேன்.

எனக்கு முந்தைய விவகாரம் பக்கத்து மனைப்பிரிவுடையது. என் நிலத்துக்கு மூன்று பக்கமும் அவர்கள் நிலம்தான். எண்பது ஏக்கர், முந்நூற்றுப் பன்னிரண்டு மனை. அத்தனைக்கும் கல் நட்டவன் நான். இப்போது இன்னொரு நாற்பது ஏக்கரைப் பயிர் வகையிலிருந்து குடியிருப்பு வகைக்கு மாற்றக் கேட்டிருந்தார்கள். மனைப்பிரிவின் மேனேஜர் எழுந்து, "வணக்கம்" என்றார். தலைவர், "ஏற்கப்பட்டது" என்றார். வணக்கம் ஏற்கப்பட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நாற்பது ஏக்கர் என்று பிறகுதான் தெரிந்தது.

என் முறை வந்தது, மறுபடி சுற்றிக்கொண்டு இடது பக்கம் வந்தேன். பேச மூன்று நிமிடம். செயலர் என் கோப்பின் எண்ணையும் தலைப்பையும் படித்து முடித்தபோது இரண்டு நிமிடமும் சில்லறையும் போயிருந்தது.

"ஐயா, மழைக்கு முன்னாடி..." என்று ஆரம்பித்தேன். மணி அடித்துவிட்டது.

வரைபடக்காரர் எழுந்து படத்தை விரித்தார். அந்தக் கூடத்தில் மெதுவாகப் பேசுகிற ஒரே மனிதர் அவர். சட்டைப் பையில் இரண்டு கலர் பென்சில் வைத்திருப்பார். மஞ்சள் பென்சில் விரல் நுனியளவுக்குத் தேய்ந்திருந்தது. பச்சைப் பென்சிலை இன்னும் சீவவே இல்லை.

"படத்தில் மஞ்சள் குடியிருப்பு, பச்சை பயிர். இவருடைய நிலம் பச்சையில் இருக்கிறது. பயிர் வகை. பயிர் வகையில் ஒரு மனை குறைந்தது ஐந்து ஏக்கர் இருக்க வேண்டும். இவருடையது அரை ஏக்கர். அரை ஏக்கரைப் பிரிக்க முடியாது. சரியாகச் சொன்னால், விதிப்படி இப்படி ஒரு நிலமே இருக்க முடியாது."

"இருக்குதுங்களே. நான் அங்கேருந்துதானே வர்றேன்."

"நேரம் முடிஞ்சிருச்சு," என்றார் செயலர்.

"பேசட்டும்," என்று தலைவர் கையை உயர்த்தினார். "ஏழையின் குரலுக்கு இந்தக் குழு எப்போதும் காது கொடுக்கும். ஆனால் அண்ணன் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். அந்த மனைப்பிரிவின் விளம்பரத்தைப் பார்த்திருப்பீர்கள். 'ஜன்னலைத் திறந்தால் வயல்' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அந்த வயல் எது? உங்களுடையதுதான்! சுற்று வட்டாரத்தில் வேறு வயல் இல்லை. ஏன் இல்லை? நாங்கள் மாற்றிக் கொடுத்துவிட்டோம். ஆக, இருக்கிற கடைசி வயலைக் காப்பாற்ற வேண்டிய பொறுப்பு எங்களுக்கு வந்துவிட்டது. முந்நூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களுக்கு வயலைக் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு வீட்டைக் காட்டினால், அவர்கள் எங்கள் முகத்தில் விழிப்பார்களா? கிராமத்தின் அழகைக் காப்பதற்காகத்தானே இந்தக் குழுவே இருக்கிறது!"

இடது பெஞ்சில்கூடக் கை தட்டினார்கள்.

"அந்த நாப்பது ஏக்கரும் வயல்தானுங்களே," என்றேன்.

"அது மஞ்சள்."

"எப்ப மஞ்சளாச்சுங்க?"

தலைவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "நாலு நிமிஷம் ஆச்சு."

அக்கம்பக்கத்தாரிடம் ஆட்சேபம் கேட்டார்கள். விற்காத மனைகளின் சார்பில் மேனேஜர் எண்பத்தெட்டு ஆட்சேபம் கொடுத்தார். எண்பத்தெட்டிலும் ஒரே கையெழுத்து. நான் சுற்றிக்கொண்டு ஓடிப்போய் வலது வாசலில் நின்று, "எனக்கு ஆட்சேபம் இல்லை" என்று சொல்வதற்குள் விண்ணப்பம் தள்ளுபடியாகிவிட்டது.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. பத்தாம் பக்கத்தைச் செயலர் சத்தமாகப் படித்தார். "பின்பக்கம் தார்ப்பாய் கட்டி மகள் குடும்பம் குடியிருக்கிறது என்று விண்ணப்பதாரரே எழுதிக் கொடுத்திருக்கிறார். பயிர் நிலத்தில் அனுமதியில்லாக் குடியிருப்பு. முப்பது நாளில் அகற்ற வேண்டும்."

வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டேன். வரைபடக்காரர் இரண்டு டீ வாங்கிவந்து ஒன்றை என்னிடம் நீட்டினார்.

"உண்மையை எழுதச் சொல்லி உங்களை யாரு கேட்டா?"

"காரணம்னு போட்டிருந்துச்சு சார்."

"அது கோடு. கோட்டுக்குக் காரணம் எழுதுவாங்களா?" அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "இங்க பாருங்க. பயிர் நிலத்துல மனுஷன் தங்கத்தான் அனுமதி வேணும். மாடு தங்கலாம். மாட்டுக் கொட்டிலுக்கு விண்ணப்பமே கிடையாது. சுவர் வெச்சுக்கலாம், கூரை போட்டுக்கலாம். தகவல் மட்டும் கொடுத்தாப் போதும்."

"எங்கிட்ட மாடு இல்லையே சார்."

"அதைப் பத்தாம் பக்கத்துல எழுதிடாதீங்க."

இருபது நாளில் கொட்டில் எழும்பிவிட்டது. கல்லறுக்கும் பட்டறையில் ஒதுக்கிய கல்லை வைத்துச் சுவர், தகரக் கூரை. இடிக்கிற வீடொன்றிலிருந்து பழைய மரக்கதவு ஒன்றும் கிடைத்தது. மகள் அந்தக் கதவை இரண்டு நாள் தேய்த்துக் கழுவினாள். தார்ப்பாய்க்குள் மூன்று மாதம் இருந்தவள். கதவை மாட்டியதும் உள்ளே போய்ச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். திறந்தாள். மறுபடி சாத்தினாள். நானும் என் மனைவியும் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

"என்னடி பண்ற?" என்று மனைவி கேட்டாள்.

"சும்மா இரும்மா. நல்லா இருக்கு," என்றாள் உள்ளேயிருந்து.

மறுநாளே ஆய்வாளர் வந்துவிட்டார். அளவு நாடா, குறிப்பேடு, ரப்பர் காலணி. கதவு முன்னால் நின்று அதையே பார்த்தார்.

"இது எதுக்கு?"

"கதவுங்க."

"தெரியுது. மாடு உள்ள போய்த் தாழ்ப்பாள் போடுமா?"

நான் தாழ்ப்பாளை மறைத்துக்கொண்டு நின்றேன்.

"கதவு இருந்தா வீடு. இல்லேன்னா கொட்டில். விதியில தெளிவா இருக்கு. கழட்டிடுங்க." கதவு இறங்கும்வரை நின்றார். பிறகு உள்ளே போனார். "தரை வாசல் பக்கம் சரியணும். அடுப்பு ஆகாது. தொட்டி எங்க? தொட்டி இல்லாம என்ன கொட்டில்?" எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, பேனாவை உயர்த்திப் பிடித்துக் கேட்டார்: "எத்தனை உருப்படி?"

மகள் சுவரோரம் நின்றாள். பேத்தி அவள் சேலையைப் பிடித்திருந்தாள். மாப்பிள்ளை மூலையில் சாக்கில் படுத்திருந்தார். ஆய்வாளர் அவர்கள் இருந்த பக்கம் பார்க்கவே இல்லை. ரொம்ப நல்ல மனிதர் என்று பிறகு வரைபடக்காரர் சொன்னார்.

"மூணு," என்றாள் என் மனைவி. "பெருசு ரெண்டு. சின்னது ஒண்ணு."

"படுத்தே இருக்கிற உருப்படி இருந்தா கால்நடை டாக்டர் சான்று வேணும். தொத்து நோயா இருந்தா என் வேலை போயிடும்."

கால்நடை டாக்டர் மறுநாள் சாயங்காலம் வந்தார். வாசலில் நின்று உள்ளே பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். மாப்பிள்ளை பக்கத்தில் குந்தி, இடுப்பைத் தொட்டு, காலை மெல்ல மடக்கிப் பார்த்தார். எங்கே வலிக்கிறது, எப்போது விழுந்தது, கால் மரத்துப்போகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இத்தனை மாதத்தில் அந்த இடுப்பைக் கைவைத்துப் பார்த்த முதல் டாக்டர் அவர்தான். பெரிய ஆஸ்பத்திரியில் சீட்டைப் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார்கள்.

"தரையில படுக்க விடாதீங்க. கெட்டியான பலகை வேணும்," என்றார். சான்றில் எழுதினார்: 'எலும்பு முறிவு. தொற்று இல்லை. வேலைக்கு ஏற்றதல்ல.' போகும்போது மாப்பிள்ளை அவரைக் கும்பிட்டார். டாக்டர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு வேகமாக நடந்தார்.

கெட்டியான பலகைக்கு எங்கே போவது? கழற்றிய கதவு சுவரில் சாய்ந்து நின்றது. உடைந்த எல்லைக்கல் நான்கை நட்டு அதன்மேல் கதவைப் போட்டோம். மாப்பிள்ளை தாழ்ப்பாள் பக்கம் தலை வைத்துப் படுத்தார். விதிப்படி படுத்திருக்கும் கதவு கதவில்லை.

அடுத்த ஒன்றரை மாதம் கொட்டில் கொட்டிலாக இருந்தது. ஆய்வாளர் சொல்லிக் கட்டிய தண்ணீர்த் தொட்டியில் பேத்தியைக் குளிப்பாட்டினார்கள். சோறு என் வீட்டிலிருந்து போனது. மனைப்பிரிவில் முதல் வீடுகளுக்கு ஆட்கள் குடிவந்துவிட்டார்கள். ஜன்னலைத் திறந்தார்கள். மகள் துணி மாற்றும்போதெல்லாம் என் மனைவி போய் வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. மழை பிடித்தபோது சாரல் நேரே உள்ளே அடித்தது. சாக்கு கட்டினோம். ஆய்வாளர் வந்து, சாக்கு முழங்கால் உயரத்துக்குக் கீழே இறங்கினால் அது கதவுக்குச் சமம் என்றார். கத்தரித்தோம். அதற்குப் பிறகு மகள் என்னிடம் அதிகம் பேசுவதில்லை.

அப்போதுதான் இரண்டாவது கடிதம் வந்தது. ஜன்னலிலிருந்து பார்த்தால் கொட்டிலின் பின்னால் கொடியில் பாவாடை காய்கிறது என்றும், உள்ளேயிருந்து குழந்தை அழுகிற சத்தம் கேட்கிறது என்றும் புகார். விசாரணைக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

"நானும் வர்றேன்," என்றாள் மகள்.

"நீ எதுக்கும்மா?"

"என் பாவாடைதானே?"

இந்தத் தடவை குழு முழுசாகக் கூடியிருந்தது. மாடு அழுமா என்பதை நாற்பது நிமிடம் விவாதித்தார்கள். ஓர் உறுப்பினர் தாம் சின்ன வயதில் ஒரு மாடு கண்ணீர் விட்டதை நேரில் பார்த்ததாகச் சொன்னார். அது குறிப்பில் ஏறியது. கொட்டிலில் துணி காய்வது பற்றி விதி உண்டா என்று கேட்டார்கள். புல் காய்வது பற்றி உண்டு, துணி பற்றி இல்லை என்றார் செயலர்.

மேனேஜர் எழுந்தார். "எங்களுக்கு யார் மேலும் பகை இல்லை. மாடு இருந்தால் நல்லதுதான், விளம்பரத்தில் சேர்த்துக்கொள்வோம். ஆனால் மாடாகத் தெரிய வேண்டும். அவ்வளவுதான் எங்கள் கோரிக்கை."

"நியாயமான கோரிக்கை," என்றார் தலைவர். பிறகு என் பக்கம் திரும்பி, ரொம்பக் கனிவாகச் சொன்னார்: "அண்ணே, உங்களை இடித்துத் தள்ள எங்களுக்கு மனசு வரவில்லை. உள்ளே இருப்பது மனிதர்கள் என்றால் இந்தக் குழுவின் கை கட்டப்பட்டிருக்கிறது, இன்றே இடிக்க வேண்டும். கால்நடை என்றால் நாங்களே பாதுகாப்பு கொடுப்போம். கால்நடை மீது இந்தக் குழுவுக்கு அவ்வளவு பிரியம். ஒரு கையெழுத்துப் போடுங்கள்."

செயலர் ஒரு தாளை வைத்தார். 'மேற்படி கொட்டிலில் தங்கியிருக்கும் மூன்றும் என்னுடைய கால்நடைகளே. வேறு யாரும் அங்கே குடியிருக்கவில்லை.'

கூரையில் மழை விழுகிற சத்தம் கேட்டது. மாப்பிள்ளை கதவின்மேல் படுத்திருப்பார், சாரல் எந்தப் பக்கம் அடிக்கிறதோ என்று நினைத்தேன். பேனாவை எடுத்தேன். என் ஆயுசில் எத்தனை கல் நட்டேனோ, ஒன்றைக்கூடத் தள்ளி நட்டதில்லை. அன்று நட்டேன். எழுதி முடித்து நிமிர்ந்தபோது மகள் எழுந்து நின்றிருந்தாள்.

"நான் அவரோட மகள்," என்றாள். தன் பெயரைச் சொன்னாள். அப்பா பெயர், வயசு எல்லாம் சொன்னாள்.

செயலர் எழுதவில்லை. தாளைக் காட்டி, தலைவரிடம் பணிவாகச் சொன்னார். "இப்போதுதான் கையெழுத்தாகியிருக்கிறது. கால்நடையின் பேச்சைக் குறிப்பில் ஏற்ற வழியில்லை."

"எனக்கு இருபத்தாறு வயசு. போன தடவை ஓட்டு போட்டேன். உங்களுக்குத்தான் போட்டேன்."

தலைவர் செயலர் பக்கம் சாய்ந்தார். "அதை மட்டும் ஏற்ற முடியாதா?"

"ஏற்றினால் முழுசாக ஏற்ற வேண்டும் ஐயா."

"அப்படியானால் வேண்டாம்."

மகள் பேசிக்கொண்டே இருந்தாள். மணி அடிக்கவில்லை. மூன்று நிமிடக் கணக்கு மனிதர்களுக்குத்தான். "எங்களுக்கு ரெண்டு அறைகூட வேணாம். வயல் உங்களுக்கே இருக்கட்டும். எனக்குத் துணி மாத்த ஒரு கதவு வேணும். நான் உள்ள இருக்கும்போது சாத்திக்க ஒரு கதவு. அவ்வளவுதான் கேக்குறேன்." குரல் உடையவில்லை. உடைந்திருந்தால் அழுகை பற்றிய விவாதத்தைத் திரும்ப எடுத்திருப்பார்கள்.

அவள் பேசி நிறுத்தினாள். வரைபடக்காரர் தன் பென்சில்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைவர் தொண்டையைச் செருமினார்.

"யாரும் எதுவும் பேசாததால்," என்றார், "விவகாரம் முடிக்கப்படுகிறது. கொட்டில் கொட்டிலாகவே நீடிக்கும். நாளைக் காலை ஆய்வாளர் பார்வையிட்டு அறிக்கை தருவார்."

மழையிலேயே நடந்து வந்தோம்.

"கையெழுத்துப் போட்டுட்டேன்மா," என்றேன்.

"பாத்தேன்."

"இடிச்சிருவாங்கன்னுதான்..."

"தெரியும்ப்பா. விடுங்க."

வீட்டுக்கு வந்ததும் நேரே கொட்டிலுக்குப் போனாள். மாப்பிள்ளையிடம் என்னவோ சொன்னாள். அவர் அவள் தோளைப் பிடித்து எழுந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, தொட்டியின் விளிம்பில் போய்ச் சாய்ந்துகொண்டார். மகள் கதவின் ஒரு முனையைத் தூக்கினாள்.

"அந்தப் பக்கம் பிடிங்க."

"நாளைக்கு ஆள் வர்றான்மா. பாத்தான்னா முப்பது நாள்கூடக் கொடுக்க மாட்டாங்க. இன்னிக்கு நான் போட்ட கையெழுத்தும் பொய்யாயிடும்."

"அது பொய்தானேப்பா."

பிடித்தேன். நனைந்து கனத்திருந்தது. கீல் பழைய இடத்தில் ஒரு விரல்கூடத் தள்ளாமல் உட்கார்ந்தது. திருகாணிகளை முடுக்கிவிட்டு நான் வெளியே வந்தேன். மகள் பேத்தியைத் தூக்கி உள்ளே விட்டாள். சாக்கைப் பிய்த்து என் கையில் கொடுத்தாள். கதவைச் சாத்தினாள்.

உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. மனைப்பிரிவில் ஒவ்வொரு ஜன்னலாக வெளிச்சம் வந்தது. மனைவி வந்து பக்கத்தில் நின்று, "காலையில என்னங்க ஆகும்?" என்று கேட்டாள்.

"ஆய்வாளர் வருவாரு," என்றேன்.

"வந்து?"

யோசித்துப் பார்த்தேன். என்ன எழுதுவார், எத்தனை நாள் கொடுப்பார், எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஒன்று மட்டும்தான் தெரிந்தது.

"முதல்ல கதவைத் தட்டணும்."